சபையும் பரிசும் இல்லாத புதிர்

‘வருக, தவுல்காரரே’ என்பதற்குள் திறந்தது (3).

மேலாகப் படித்தால் இது ஒரு கல்யாண வீட்டுக் காட்சி. மேளக்காரரை வாசலில் நின்று வரவேற்கிறார்கள்; சொல்லி முடிக்கும் முன்பே ஏதோ திறந்துவிட்டது. ஆனால் இது காட்சி அல்ல, நான் கட்டிய குறுக்கெழுத்துக் குறிப்பு. விடைக்கு மூன்று எழுத்து என்பதை அடைப்புக்குள் இருக்கும் எண் சொல்கிறது. ‘என்பதற்குள்’ என்ற சொல்லை ‘என்று சொல்லும் முன்’ என்று எடுத்துக்கொண்டால் கல்யாண வீட்டிலேயே நிற்போம். ‘என்ற தொடருக்கு உள்ளே’ என்று எடுத்துக்கொண்டால் வழி தெரியும். வருக, தவுல் என்ற இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, நடுவில் தொடர்ந்து வரும் மூன்று எழுத்தை எடுத்தால் கதவு. திறந்தது எது? கதவுதான். தவில் என்று எழுதுவதுதானே முறை என்று கேட்பவர்களுக்கு: எங்கள் திண்டுக்கல் பக்கத்துப் பேச்சில் அது தவுல்தான், தவில் என்று எழுதினால் கதவி வரும்.

இந்தக் குறிப்பில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. விடை ‘கதவு’ என்று கண்டுபிடித்தவர் அது சரியா என்று என்னிடம் கேட்க வேண்டியதில்லை. எழுத்து விளையாட்டு ஒரு பக்கமாகவும் பொருள் இன்னொரு பக்கமாகவும் வந்து ஒரே சொல்லில் சேர்கின்றன. நாகல்நகர்ப் பட்டறையில் செய்யும் நெம்புப் பூட்டும் இப்படித்தான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு நெம்புத் தகடும் தனக்கு உரிய உயரத்துக்கு, கூடாமலும் குறையாமலும் எழும்பினால்தான் தாழ் நகரும். ஒன்று மட்டும் எழும்பி மற்றது எழும்பாவிட்டால் பூட்டு திறக்காது. திறந்துவிட்டால், சரியான சாவிதானா என்று பூட்டுக்காரரைக் கேட்கப் போகிறவர் யாரும் இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் பற்றி இந்தக் கட்டுரையில் இதற்குமேல் பேச்சில்லை. ஊர்க்காரன் என்ற உரிமையில் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் ‘கிரிப்டிக்’ என்று பெயர்பெற்ற இவ்வகைக் குறிப்பு, குறுக்கெழுத்தோடு கூடப் பிறந்ததல்ல. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டபோது, அதன் குறிப்புகள் வெறும் அகராதிப் பொருள்களாகவே இருந்தன. அது இங்கிலாந்துக்குப் போனபின்தான் திருகல் ஏறியது. ‘அப்சர்வர்’ இதழில் 1926 முதல் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்ட் பொவிஸ் மாதர்ஸ் குறிப்புகளை முழுக்க முழுக்கச் சூசகமாக்கினார். ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திக் கொடுமை செய்தவரின் பெயர் அது. புதிரைப் போடுகிறவர் தம்மை வதைக்கிறவராகவே எண்ணிக்கொண்ட காலம். அவருக்குப் பின் 1939இல் அந்த இடத்துக்கு வந்த மெக்நட் என்ற பள்ளி ஆசிரியரும் ஹிமனெஸ் என்று இன்னொரு விசாரணையாளரின் பெயரைத்தான் சூட்டிக்கொண்டார். ஆனால் செய்த வேலை நேரெதிர். ஒரு குறிப்பில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று வரையறுத்தார். 1966இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். விடையின் பொருளை நேர்மையாகச் சுட்டும் ஒரு பகுதி வேண்டும். அதே விடையை எழுத்துகளிலிருந்து கட்டும் இன்னொரு பகுதி வேண்டும். இரண்டுக்கும் உதவாத சொல் ஒன்றுகூட இருக்கலாகாது. ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். எழுதிய இந்தச் சட்டம் வந்தபிறகுதான் புதிர்க்காரரும் விடை தேடுகிறவரும் சமமான ஆட்கள் ஆனார்கள்.

இந்தியாவுக்கு இது வந்த வழி சுவையானது. ‘தி இந்து’ நாளிதழில் 1971இல் தொடங்கிய குறுக்கெழுத்தை முதலில் அமைத்தவர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. 1958 முதல் 1962 வரை கடற்படைத் தளபதியாக இருந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர், செங்கல்பட்டில் பிறந்தவர். 1983இல் அவர் இறக்கும்வரை கப்பல்படையை நடத்திய கை கட்டங்களை நிரப்பியது. பின்னால் கிரிட்மேன், ஆர்டன், பஸ்ஸர் என்று புனைபெயர்களில் இந்திய அமைப்பாளர்களே அதைத் தொடர்ந்தார்கள். மதுரைப் பதிப்பு வந்து சேரும் திண்டுக்கல்லிலும் அதற்கு ஆள் உண்டு. வங்கி ஊழியர்கள், கல்லூரி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் என்று, தலையங்கத்தைப் படிக்காமல் கட்டத்துக்குப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இவர்கள் வீட்டில் பேசுவது தமிழ், திட்டுவது தமிழ், புதிரை அவிழ்ப்பது மட்டும் ஆங்கிலத்தில். ஏன் அப்படி என்பதுதான் என் கேள்வி.

தமிழுக்கு எழுத்து விளையாட்டு வராது என்று ஒருவரும் சொல்ல முடியாது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம், சொல்லணியியலில் சித்திரகவி வகைகளுக்கு இலக்கணம் சொல்கிறது. அவற்றுள் வினாவுத்தரம் என்று ஒன்று. அதற்கு உரை காட்டும் எடுத்துக்காட்டில் வரிசையாகச் சில கேள்விகள் வருகின்றன. தாமரையில் இருப்பவள் யார்? திரு. புறப்படுகிறவனை அனுப்பிவைக்க என்ன சொல்வோம்? ஏகு. போரில் எய்வதற்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்கு இன்னொரு பெயர்? அம். கடைசிக் கேள்வி: பிறை சூடிய பெருமான் விரும்பி வாழும் இடம் எது? முன் வந்த நான்கு விடைகளையும் புணர்த்தினால் திருவேகம்பம், காஞ்சிபுரத்துக் கோயில். ஹிமனெஸ் இதைப் பார்த்திருந்தால் திருத்த ஒன்றும் இருந்திருக்காது. நான்கு துண்டுகள் சேர்ந்து ஒரு சொல். அந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு நேர்ப்பொருள். இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

எழுத்து வருத்தனம் என்பது ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது. கம் என்றால் தலை. முன்னால் ஓர் எழுத்துச் சேர நகம், மலை. இன்னொன்று சேரக் கநகம், பொன். மேலும் ஒன்று சேரக் கோகநகம், தாமரை. அக்கரச்சுதகம் இதன் தலைகீழ். எழுத்தை ஒவ்வொன்றாகக் கழிப்பது. இரணியனின் பகையான நரசிம்மர் கநகாரி. தலையெழுத்தை நீக்கினால் மலையைப் பிளந்த முருகன், நகாரி. மறுபடி நீக்கினால் ஐயனார், காரி. இன்றைய ஆங்கிலப் புதிர்க்காரர் ‘தலையை வெட்டு’ என்று சொல்லும் அதே வித்தைதான். கரந்துறைச் செய்யுளில் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். ‘வருக, தவுல்காரரே’ குறிப்பு அதன் கொள்ளுப் பேரன். மாலைமாற்றை எல்லோருக்கும் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் சீகாழிக்குப் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே அடி.

இந்த மாலைமாற்று குறுக்கெழுத்துக்காரனுக்கு வேறொரு வகையில் முக்கியம். ‘கா’ என்பதை ஒரே எழுத்தாக எண்ணினால்தான் அந்தப் பாட்டு திரும்பும். க், ஆ என்று பிரித்து எண்ணினால் திரும்பாது. ஒரு கட்டத்துக்குள் எதைப் போடுவது என்ற கேள்விக்கு 1300 ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்திருக்கிறது. அந்தப் பதிகத்தின் தொடக்கப் பாட்டில் ஒற்றெழுத்தே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. திருப்பிப் படித்தால் சங்கடம். சம்பந்தர் அதைப் பக்கத்திலேயே விடவில்லை. இந்தப் புள்ளிச் சங்கடத்துக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. மாவட்டம் என்பது 1985இல் மதுரையிலிருந்து பிரித்ததுதான். அவர் அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர். பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர், 1836இல் பிறந்து 1884இல் மறைந்தவர். மூன்று வயதில் அம்மை கண்டு இரண்டு கண்ணும் போயின. படித்ததெல்லாம் காதால்தான். பழனி முருகன்மீது அந்தாதியும் மாலையுமாகப் பாடிக் குவித்தவர். திரிபு, யமகம், சிலேடை, சித்திரகவி என்று எழுத்தெண்ணிப் பாட வேண்டியவற்றில்தான் பெயர் வாங்கினார். இராமநாதபுரத்துச் சேதுபதியின் அவையில் இருந்தவர். கண்ணால் ஒரு கட்டத்தையும் பார்க்க முடியாத மனிதர், நூற்றுக்கணக்கான எழுத்தை மனத்துக்குள் வரிசையாக நிறுத்தி, எது எங்கே திரும்பி வரவேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார். காகிதமும் பென்சிலும் இருந்தும் ஐந்தெழுத்துச் சொல்லை மாற்றிப்போட்டுப் பார்க்கத் தடுமாறும் எனக்கு இதை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

திண்டுக்கல் மலைக்குப் பத்மகிரி என்றும் பெயர். அங்கே கோயில் கொண்ட பத்மகிரிநாதர்மேல் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் தென்றல் விடு தூது பாடியிருக்கிறார். அவரும் சிலேடைக்காரர். ஆக, சித்திரமும் சிலேடையும் எங்கள் சமவெளியில் அந்நியச் சரக்கு அல்ல.

அப்படியென்றால் நேற்றைய சித்திரகவியிலிருந்து இன்றைய சூசகக் குறிப்புக்குத் தமிழ் ஏன் தானாக நடந்து போகவில்லை? என் எண்ணம் இது: நம்மிடம் கருவிகள் அனைத்தும் இருந்தன, எதிரே உட்கார்ந்து ஆடுகிறவன்தான் இல்லை. காளமேகத்தின் சிலேடை வெண்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புக்கும் எள்ளுக்கும், வைக்கோலுக்கும் யானைக்கும் ஒரே அடிகளில் பொருள் வைத்துப் பாடியவர். ஆனால் எவற்றைப் பற்றிப் பாடுகிறோம் என்பதைப் பாட்டின் முடிவிலேயே சொல்லிவிடுவார். கேட்பவர் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. ‘ஆகா’ என்று சொல்வது மட்டும்தான் வேலை. வினாவுத்தரத்திலும் கடைசிச் சொல்லாகத் திருவேகம்பம் பாட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. சித்திரகவி புலவரின் திறமைக்குச் சாட்சி. சபை இருக்கிறது, புரவலர் இருக்கிறார், பட்டமும் பொற்கிழியும் இருக்கின்றன. கேட்பவர் ரசிகர், ஆட்டக்காரர் அல்லர்.

விடுகதை வேறு வகை. அதில் எதிராளி உண்டு. திண்ணையில் பாட்டி போட, பேரப்பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆனால் விடுகதையின் விடை விடுகதைக்குள் இல்லை, பாட்டியின் வாயில் இருக்கிறது. பிள்ளை பொருத்தமாக வேறொன்றைச் சொன்னாலும் ‘அது இல்லை’ என்று பாட்டி தலையாட்டினால் அது இல்லைதான். தீர்ப்புச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

தமிழில் அச்சேறிய முதல் பெரிய குறுக்கெழுத்து அலையும் இந்தத் தீர்ப்பு முறையைத்தான் தொடர்ந்தது. கூடவே பணத்தையும் சேர்த்துக்கொண்டது. எஸ். எஸ். வாசன் 1928இல் வாங்கிய ஆனந்த விகடன், 1930களில் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி இதழின் விற்பனையையே தூக்கி நிறுத்தியது. பிற இதழ்களும் பின்தொடர்ந்தன; ‘பகுத்தறிவுப் போட்டி’ என்றும் அவற்றுக்குப் பெயர் இருந்தது. பெயர்தான் பகுத்தறிவு. அந்தக் காலப் பாணியில் நானே ஒரு குறிப்பு எழுதிக் காட்டுகிறேன்: ‘இது நிலைத்தால் குடும்பத்தில் நிம்மதி. _ணம்.’ பணமா, குணமா? இரண்டுக்கும் வழக்காட முடியும். சரியான விடை எது என்பதை மொழி தீர்மானிக்காது. முன்கூட்டியே உறைக்குள் போட்டு முத்திரையிட்ட ஆசிரியரின் விடை தீர்மானிக்கும். அதனால்தான் ஒரே ஆள் பத்து, இருபது கூப்பனை நிரப்பி அனுப்புவார். ஒன்றில் பணம், ஒன்றில் குணம். இதைப் புதிர் என்பதைவிடச் சீட்டு என்பது பொருத்தம்.

அரசும் அப்படித்தான் நினைத்தது. 1955இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. மாதத்துக்கு மொத்தப் பரிசு 1000 ரூபாய்க்கு மேல் போகும் போட்டிக்குத் தடை. அதற்குள் நடத்துவதற்கும் உரிமம் வேண்டும். 2000 நுழைவுகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது. சட்டத்தின் வரையறையைப் படித்தால் புதிர்ப் பிரியர்களுக்குச் சற்றுத் திக்கென்று இருக்கும்: எழுத்தையும் சொல்லையும் எண்ணையும் கட்டுதல், அடுக்குதல், சேர்த்தல், மாற்றியமைத்தல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட புதிருக்குப் பரிசு தரும் போட்டி அனைத்துக்கும் அது பொருந்தும். தண்டியலங்காரச் சித்திரகவிகளும் இந்த வலைக்குள் விழுந்துவிடும்போல இருக்கிறது. பெங்களூரிலிருந்து ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற வார இதழின் வழியாகப் பெரிய குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய சமர்பாக்வாலா தரப்பினர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1957 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு வந்தது. சூதாட்டம் வணிகம் ஆகாது, ஆகவே வணிக உரிமை பேசி அதற்குப் பாதுகாப்புக் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். அதோடு இன்னொன்றும் சொன்னது: வெற்றி பெருமளவு திறமையால் தீர்மானமாகும் போட்டிகளை இந்தச் சட்டம் தொடாது. மத்திய அரசுக்கு எதிரான வழக்கில் இந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர், தீட்சிதர் கீர்த்தனைகளில் கரைகண்டவர், 1944இல் சங்கீத கலாநிதி. எழுத்து விளையாட்டில் சூது எது, திறமை எது என்று கோடு கிழிக்க அவரைவிடத் தகுந்தவர் கிடைத்திருப்பாரா என்று நான் யோசிப்பதுண்டு.

அந்தக் கோட்டின் மறுபக்கம்தான் சூசகக் குறிப்பு நிற்கிறது. ஆனால் தமிழ் வாசகருக்குக் கோட்டின் அந்தப் பக்கம் பழக்கமாகவில்லை. பரிசுப் போட்டி ஓய்ந்தபின் நாளிதழ் இணைப்புகளில் மிஞ்சியது பொது அறிவுக் குறுக்கெழுத்து. ‘நமது தேசியப் பறவை’ என்பான். மயில் என்று எழுதுவோம். அது நினைவைச் சோதிக்கும், மொழியைத் தொடாது.

அதில் ஒரு தமிழ்த் தனித்தன்மை இருக்கிறது. ஆங்கிலக் கட்டங்களில் இரண்டே திசை. நம் இதழ்களிலோ இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு. இதைச் சோம்பேறித்தனம் என்று ஆங்கிலப் புதிர்க்காரர்கள் சிரிக்கக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்ச் சொற்கள் ஏராளமாக ம், ல், ன், ள், ர் என்று புள்ளியில் முடிகின்றன. புள்ளியில் ஒன்றுகூடத் தொடங்குவதில்லை. ஒரு சொல் முடியும் கட்டத்தில் இன்னொன்று தொடங்குவது ஆங்கிலத்தில் சாதாரணம். தமிழில் அநேகமாக நடக்காது. ஒரு சொல்லைத் திருப்பிப்போட்டால் இரண்டு சொற்கள் தம் கடைசி எழுத்தில் கைகோத்துக்கொள்ளலாம். சம்பந்தர் புள்ளியைத் தவிர்த்துத் தப்பித்தார்; வாரமலர்க்காரர் திசையைத் திருப்பித் தப்பிக்கிறார்.

சூசகக் குறிப்பைத் தமிழில் கட்டும்போதும் இந்தப் புள்ளிதான் முதல் தொந்தரவு, முதல் உதவியும் அதுவே. ‘மண்ணின் தலையில் நெளிந்த தகரம் மணியாயிற்று (5)’ என்று ஒரு குறிப்பு. மண்ணின் தலை ம. தகரத்தை நெளித்தால், அதாவது எழுத்துகளைக் கலைத்தால், ரகதம். சேர்த்தால் மரகதம், மணி. ஆங்கிலத்தில் வெவ்வேறான ஐந்து எழுத்தை 120 வகையாக மாற்றி அடுக்கலாம். இங்கே ம முதலில் நின்றுவிட்டது, ம் கடைசியைவிட்டு நகராது. நடுவில் இருக்கும் மூன்றுக்கு 6 வழிகள்தான். விடை தேடுகிறவருக்கு நிம்மதி. அமைப்பாளருக்கு ஒளிக்க இடம் போதவில்லை. அதனால் எழுத்துக் கலைப்பை நம்பித் தமிழில் வெகுதூரம் போக முடியாது. மறுபுறம், 247 எழுத்தில் ஒன்று குறுக்கே விழுந்து உறுதியானால், 26இல் ஒன்று உறுதியாவதைவிட மிக அதிகம் சொல்லிவிடுகிறது. டு என்று ஒரு கட்டம் நிரம்பினால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

அடுத்தது புணர்ச்சி. ‘வருக தவுல்’ என்பதற்குள் கதவு ஒளிந்ததற்குக் காரணம் ‘வருக’ வியங்கோள். அதன்பின் வல்லெழுத்து மிகாது. ‘நன்றாகத் தவுல் வாசித்தார்’ என்று எழுதியிருந்தால் இடையில் த் வந்து உட்கார்ந்து கதவைக் கெடுத்திருக்கும். ஒற்றை விட்டுவிட்டு எழுதி ஒளிக்கலாமே என்றால், தமிழ் தெரிந்த வாசகர் அந்தப் பிழையையே குறிப்பாக எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். ‘சாய்ந்துகொள்ளவும் எறியவும் ஏற்ற ஊர் (6)’ என்றால் திண்டும் கல்லும் சேர்ந்து திண்டுக்கல். நடுவில் வந்த க்-கைப் பற்றிக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. இதை அனுமதிக்கலாமா? அனுமதிக்கலாம் என்பேன். திரு, ஏகு, அம்பு, அம் சேரும்போது வகரம் தோன்றுவதையும் உகரம் கெடுவதையும் உரைகாரர் தனியாக எச்சரிக்கவில்லை. தமிழ் படித்தவருக்குப் புணர்ச்சி விதி பொதுச் சொத்து. நன்னூலைப் புதிரின் விதிப் புத்தகமாக வைத்துக்கொள்ளும் பாக்கியம் ஆங்கிலேயருக்கு இல்லை.

வேற்றுமை உருபு இன்னொரு தலைவலி. ‘விசாவைத் திருப்பு’ என்றால் திருப்ப வேண்டியது விசாவையா, ‘விசாவை’ என்ற சொல்லையா? அதனால் ‘பூட்டைத் திறப்பது திரும்பி வந்த விசா (2)’ என்று உருபில்லாமல் எழுதிவிட வேண்டியதுதான். விசா திரும்பினால் சாவி. இங்கே கைகொடுப்பது பெயரெச்சம். திரும்பி வந்த விசா, நெளிந்த தகரம், தலையிழந்த யானை என்று செய்ய வேண்டிய வேலையையும் அதைச் செய்ய வேண்டிய சொல்லையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்துவிடுகிறது. ஆங்கில அமைப்பாளர்கள் இதைச் சாதிக்கச் சிறு சிறு இணைப்புச் சொற்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போது, தமிழின் வாக்கிய அமைப்பு இந்த ஆட்டத்துக்காகவே செய்து வைத்தது போலிருக்கிறது. சிலேடைக்கோ கேட்கவே வேண்டாம். ‘நிலக்கோட்டைப் பூ கட்டினால் வரும், பொழுது சாய்ந்தாலும் வரும் (2)’ என்று மாலைக்குக் குறிப்பு எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆகவே தடை மொழியில் இல்லை. செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துகள் முழுக்கச் சூசக வகை. கணிதம் கற்பிப்பவர் அவர் என்பது குறிப்புகளின் கட்டுக்கோப்பிலேயே தெரியும். ஒரு சொல் மிகையாக இருக்காது. கலிபோர்னியாவில் அச்சான இதழில் வளர்ந்த அந்தப் பழக்கம் மதுரை, திருச்சி, திண்டுக்கல்லில் காலையில் வீட்டு வாசலில் விழும் நாளிதழுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆசிரியர் குழுக்களின் பயம் எனக்குப் புரிகிறது: வாசகர் முதல் வாரம் ஒன்றையும் கண்டுபிடிக்க மாட்டார்; திட்டிக் கடிதம் எழுதுவார். ஆங்கிலத்திலும் அப்படித்தான் நடந்தது. விடையோடு மறுநாள் விளக்கமும் போட்டுப் பழக்கினால் ஒழிய யாருக்கும் இந்தச் சாவி கைவராது. விளக்கம் இல்லாமல் விடையை மட்டும் அச்சிடுவது பழைய முத்திரை உறைக்கே திரும்பிப் போவதாகும்.

பள்ளிக்கூடத்தில் இதை வைத்தால் என்ன என்றும் ஒரு யோசனை. புணர்ச்சி விதியை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு, ‘வருக’வுக்குப் பின்னால் ஏன் த் வரவில்லை என்பதில் ஒரு கதவே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால், அந்த விதி அதற்குமுன் இருந்தது போல் இருக்காது. ஆனால் பாடத்திட்டக்காரர்கள் கையில் கிடைத்தால் இதற்கும் மதிப்பெண் போட்டு, ‘கீழ்க்கண்ட குறிப்புகளுள் எவையேனும் ஐந்தனுக்கு விடை தருக’ என்று கெடுத்துவிடுவார்கள் என்ற சந்தேகமும் கூடவே வருகிறது.

கடைசியாக, விடை சொல்லாமல் ஒன்று. நகரத்து வாசலில் தலையிழந்த சத்தம். திண்டுக்கல்லிலிருந்து கிழக்கே போனால் வரும் ஊர் (4). பரிசு கிடையாது. சரியா என்று கேட்டு எனக்கு எழுதவும் வேண்டாம்.